உடைந்த ஸ்பீக்கர் காந்தம் ஏன் மறுபடி சேர மறுக்கிறது?

சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் கறுப்புக் காந்தம் உலோகமல்ல, அது சூளையில் சுட்ட பீங்கான்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் தனிக் கட்டாகக் கிடக்கின்றன. அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் அதற்கே. வேறு விடயம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரியம், இரும்பு, ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த இந்தப் பீங்கானுக்குப் பேரியம் பெரைற்று என்று பெயர். இந்தக் காந்தம் எனக்கு வீட்டுப் பொருள். அப்பா திருகோணமலை நகரத்தில் ரேடியோ திருத்தியவர். பழுதான ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய காந்த வளையங்களை மேசைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைத்திருப்பார். பின்னேரங்களில் அதில் ஒன்றை நூலில் கட்டி டச் பே கடற்கரை மணலில் இழுத்துக்கொண்டு நடப்பேன். கொஞ்சத் தூரம் போனதும் வளையத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்துவிடும். பிறகு 22 வருடம் ஒரு பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தேன். உலை அறை என் பொறுப்பு. செங்கல் நிறத் தூளைப் போட்டு, அதே கறுப்புக் காந்தத்தைச் சுட்டு எடுப்பது என் அன்றாட வேலையானது. ஓய்வுபெற்று உவர்மலை வீட்டுக்குத் திரும்பியபோது அப்பாவின் வளையங்களில் இரண்டு இன்னும் ஆணியில் இருந்தன.

சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

திருக்கடலூரிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "அக்கா, மகன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சீமெந்துத் தரையில் போட்டு இரண்டாக உடைத்துவிட்டான். உடைந்த வாயை உடைந்த வாயோடு பொருத்தினால் தள்ளிக்கொண்டு போகிறது. ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் சட்டென்று ஒட்டுகிறது. காந்தம் பழுதாகிவிட்டதா?"

பழுதாகவில்லை தங்கச்சி. முன்பு இருந்தபடியே இருக்கிறது. அந்த வளையத்தின் மேல்முகம் முழுவதும் வடக்கு, கீழ்முகம் முழுவதும் தெற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாக உடைந்தால் இரண்டு துண்டுகளுக்கும் மேலே வடக்குத்தான், கீழே தெற்குத்தான். பழையபடி பக்கத்தில் பக்கமாக வைத்தால் வடக்கும் வடக்கும், தெற்கும் தெற்கும் நெருங்கி நிற்கின்றன. தள்ளாமல் என்ன செய்யும்? முழு வளையமாக இருந்தபோதும் உள்ளே அந்தத் தள்ளல் இருந்தது. பீங்கானின் உறுதிதான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

மேல்முகம் முழுவதும் ஒரே துருவமாக இருப்பது தற்செயல் அல்ல. இந்தப் பொருளின் பளிங்கு அறுகோண வடிவம் கொண்டது. தேன்கூட்டின் அறையை நிமிர்த்தி வைத்தது போல. அடிப்பக்கத்தில் ஓர் அலகின் நீளம் 0.589 நனோமீற்றர், உயரமோ 2.32 நனோமீற்றர். ஏறக்குறைய நாலு மடங்கு உயரம். காந்தம் அந்த உயரத்தின் திசையில் நிற்கத்தான் விரும்பும். சரித்துப் படுக்கவைக்க மிகுந்த பலம் வேண்டும். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இது நிலையான காந்தமாகவே இருக்க முடியாது. நல்ல வளையங்களைத் தொழிற்சாலையில் அழுத்தும்போதே ஒரு பலமான காந்தப்புலத்தை வைத்து, தூளின் ஒவ்வொரு மணியையும் நிமிர்ந்து நிற்கச் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சூளை.

ஒட்டவைக்க வேண்டுமென்றால் அரல்டைட் பூசி, இரண்டு துண்டுகளையும் ஒரு தட்டையான இரும்புத் தகட்டின் மேல் வைத்து, இறுக்கியால் ஒரு நாள் முழுக்கப் பிடித்து வையுங்கள். மெல்லிய வெடிப்பால் ஸ்பீக்கரின் சத்தம் பெரிதாகக் குறையாது. உடைந்த விளிம்பு கண்ணாடி போல வெட்டும், மகனின் கை கவனம்.

நிலாவெளியிலிருந்து வள்ளம் வைத்திருக்கும் ஒரு அண்ணர்: "வெள்ளிநிறச் சின்னக் காந்தம் ஒன்று வாங்கினேன், ஒரு மாரி போவதற்குள் தோல் உரிந்து கறள் பிடித்துவிட்டது. இந்தக் கறுப்பு வளையம் எத்தனையோ வருடமாக உப்புக் காற்றில் கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஏன்?"

அண்ணா, அந்த வெள்ளிநிறக் காந்தம் பெரும்பாலும் நியோடிமியம், இரும்பு, போரன் மூன்றும் சேர்ந்த உலோகம். மேலே பூசிய நிக்கல் ஓரிடத்தில் கீறுப்பட்டால் போதும், உப்பு உள்ளே போய்விடும். கறுப்பு வளையத்தில் இருக்கும் இரும்பு ஏற்கெனவே ஒட்சிசனோடு முழுதாகச் சேர்ந்த இரும்பு. கறள் பிடிக்க அதில் மிச்சம் எதுவும் இல்லை. பலத்தில் நியோடிமியம் காந்தம் ஏறக்குறைய பத்து மடங்கு முன்னுக்கு நிற்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் கடற்கரையில் வைத்துப் பாவிக்க நான் கறுப்பைத்தான் எடுப்பேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்: "உங்கள் கணக்கின்படி அந்தக் காந்தத்தில் ஒரு பேரியத்துக்குப் பன்னிரண்டு இரும்பு, பத்தொன்பது ஒட்சிசன். இவ்வளவு இரும்பு இருந்தும் மல்ரிமீற்றரை வைத்தால் மின் ஓடவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், என்ன சொல்வது?"

சேர், பிள்ளைகள் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டே கேட்கிறார்கள் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது. அவர்களிடம் சில்லறைக் காசுக் கணக்காகச் சொல்லிப் பாருங்கள். உலோக இரும்பில் இலத்திரன்கள் பொதுச் சொத்து, யாருக்கும் சொந்தமில்லாமல் எங்கும் ஓடும். பெரைற்றில் ஒவ்வொரு இரும்பும் மூன்று இலத்திரன்களை ஒட்சிசனிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தன்னிடமே இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. எல்லா இரும்பும் அப்படியே இருந்தால் எவர் கையிலும் மேலதிகச் சில்லறை இல்லை. பிறகு கைமாற என்ன இருக்கிறது? எங்காவது ஓர் இரும்பு இரண்டை மட்டும் கொடுத்து ஒன்றை மிச்சம் வைத்திருந்தால், அந்த ஒரு காசு பக்கத்து இரும்புக்குத் தாவும், அங்கிருந்து அடுத்ததற்கு. பெரைற்றில் மின் ஓடுவது இந்தத் தாவலால்தான். சூடாக்கினால் தாவல் சுலபமாகும், அதனால் தடை குறையும். உலோகத்தில் நடப்பதற்கு நேர் எதிர். குறைகடத்திப் பாடம் நடத்தும்போது இதையும் சேர்த்துக் காட்டலாம்.

மக்னற்றைற்று என்ற கருங்கனியத்தைப் பாருங்கள். அதுவும் வெறும் இரும்பும் ஒட்சிசனும்தான். ஆனால் அதில் மூன்று இரும்புக்கு ஒன்று மிச்சக் காசு வைத்திருக்கிறது. அதனால் அது நன்றாகவே மின்னைக் கடத்தும். இரண்டும் கறுப்பு, இரண்டும் காந்தம். மின்னில் மட்டும் எதிரும் புதிரும்.

இன்னொன்று. பழைய ரேடியோக்களில் செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் கோல் ஒன்று இருக்குமே, அதுவும் பெரைற்றுத்தான். ஆனால் அது கனவடிவக் குடும்பம், மென்காந்தம். அலை வரும்போது காந்தமாகி, போனதும் மறந்துவிடும். நான் இங்கே பேசுவது மறக்காத அறுகோணக் குடும்பத்தை. இதன் மூதாதை ஒரு கனியம். சுவீடனில் லாங்பான் என்ற சுரங்கத்தில் கிடைத்து 1925 இல் விவரிக்கப்பட்டது. பேரியம் இருக்கும் இடத்தில் அதில் ஈயம் இருக்கும். 1952 இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தார் அதே அமைப்பைப் பேரியத்தை வைத்துச் செய்து, நிலையான காந்தமாக வெளியிட்டார்கள். விலைகூடிய கோபால்ற்றும் நிக்கலும் இதற்குத் தேவைப்படவில்லை. அப்பாவின் ஆணியில் தொங்கிய வளையங்கள் அந்த வழியில் வந்தவை.

அடுத்த கடிதம்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. உப்புவெளியிலிருந்து இறுதியாண்டு மாணவி ஒருவர்: "பேரியம் பெரைற்றில் இரும்புக்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக அலுமினியம் சேர்த்து வில்லைகள் செய்தோம். எக்ஸ்-கதிர் வரைபில் உச்சிகள் வலப்பக்கம் நகர்ந்தன. காந்தம் பலவீனமானது. மின்தடை கூடியது. ஆனால் ஒரு கிழமை கழித்து அளந்தபோது அதே வில்லையின் மின்தடை பத்தில் ஒன்றாகிவிட்டது. அக்கா, எதை நம்பி எழுதுவது?"

பிள்ளை, முதல் மூன்றையும் நம்பலாம். நாலாவதற்கு வெளியே பெய்கிற மழைதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றாக வருவோம்.

எக்ஸ்-கதிர் பளிங்கின் அணுத் தளங்களில் பட்டு எந்தெந்தக் கோணத்தில் பலமாகத் திரும்புகிறது என்பதைத்தான் அந்த உச்சிகள் காட்டும். அவை வலப்பக்கம் நகர்வது பளிங்கு சுருங்கியதால். இரும்பு அயனின் ஆரை 0.0645 நனோமீற்றர், அலுமினியத்தினுடையது 0.0535. பெரியவர் எழும்பிய கதிரையில் சிறியவர் உட்கார்ந்தால் சுற்றியிருக்கும் ஒட்சிசன்கள் கொஞ்சம் நெருங்கி வரும். தளங்களுக்கு இடையிலான தூரம் குறையும். பிராக்கின் விதிப்படி தூரம் குறைந்தால் கோணம் கூடும். செப்பு எக்ஸ்-கதிரில் தூய பேரியம் பெரைற்றின் இரண்டு பெரிய உச்சிகள் 32.2 பாகைக்கும் 34.1 பாகைக்கும் கிட்ட இருக்கும். உங்களுடையது அந்த இடங்களிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று அலுமினியத்தின் அளவோடு சேர்த்துக் குறியுங்கள். நகர்வு ஒழுங்காகக் கூடிக்கொண்டே போனால் அலுமினியம் உண்மையிலேயே உள்ளே போயிருக்கிறது. ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதற்கு மேல் போட்டது உள்ளே ஏறாமல் வெளியே நிற்கிறது.

அந்த இரண்டு உச்சிகளுக்கும் நடுவே, 33.2 பாகைக்கு அருகில், சின்னதாக ஒரு மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது சேராமல் மிஞ்சிய சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. பலர் அதைக் கவனிக்காமல் விட்டு, காந்தம் பலவீனமானதற்கு முழுப் பழியையும் அலுமினியத்தின் மேல் போட்டுவிடுவார்கள். 10 கிராம் தூய பெரைற்றுக்கு 1.775 கிராம் பேரியம் காபனேற்றும் 8.62 கிராம் இரும்பு ஒட்சைட்டும் வேண்டும், மிச்சம் 0.396 கிராம் காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். இந்த நிறுவையில் கை தவறினாலும், அரைப்பு போதாவிட்டாலும் அந்த மேடு வரும். உருக்குக் குண்டு போட்டு அரைத்தால் குண்டிலிருந்தே இரும்பு தேய்ந்து தூளில் சேரும். அதையும் கணக்கில் வையுங்கள்.

இனிக் காந்தம். இந்தப் பொருளைப் பற்றி நான் ஒரேயொரு விடயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: எவ்வளவு சேர்த்தோம் என்பதை விட, சேர்த்தது எந்த இடத்தில் போய் உட்கார்ந்தது என்பதுதான் முக்கியம்.

சித்திரைப் புதுவருட விளையாட்டில் கயிறிழுத்தல் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு இரும்பும் ஒரு கயிற்றைப் பிடித்திருக்கின்றன. ஆனால் எட்டுப் பேர் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். மிச்சம் நாலு பேரின் பலம்தான் வெளியே காந்தமாகத் தெரிகிறது. பளிங்குக்குள் இரும்பு உட்காரும் இடங்கள் ஐந்து வகை. ஆறு ஒட்சிசன் சூழ்ந்த இடம் மூன்று வகை, நாலு ஒட்சிசன் சூழ்ந்தது ஒரு வகை, ஐந்து சூழ்ந்தது ஒரு வகை. எந்த இடம் எந்தப் பக்கத்துக் கயிறு என்பது முன்பே முடிவானது.

அலுமினியத்துக்குக் காந்தம் இல்லை. அது பெரும்பாலும் எட்டுப் பேர் பக்கத்து இடங்களை விரும்பிப் போய் உட்காரும். எட்டு ஏழானால் மிச்சம் மூன்று. உங்கள் வில்லை பலவீனமானது அதனால்தான். நாகத்துக்கும், அதாவது துத்தநாகத்துக்கும், காந்தம் இல்லை. ஆனால் அது நாலு ஒட்சிசன் சூழ்ந்த இடத்தை விரும்பும், அந்த இடமோ எதிர்ப்பக்கக் கயிறு. எதிரணியில் ஒருவர் விலகினால் எட்டுக்கு மூன்று, மிச்சம் ஐந்து. காந்தமில்லாத ஒன்றைச் சேர்த்து, காந்தமுள்ள இரும்பை எடுத்தும் பலம் கூடுகிறது! முதன்முதலில் இதை என் கையால் சுட்டு, அளவியில் பார்த்த அன்று, பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அளவு சின்னதாக இருக்கும்வரைதான் இது நடக்கும். கூடிப்போனால் கயிறே தளர்ந்துவிடும். அதோடு நாகம் இரண்டு ஏற்றம் கொண்டது, அதாவது இரண்டு இலத்திரன்களைத்தான் கொடுக்கும், இரும்பு மூன்று. அந்தக் குறையை நிரப்பப் பேரியத்தின் இடத்தில் மூன்று ஏற்றமுள்ள லந்தனத்தைக் கூடவே போட வேண்டும்.

ஏற்றக் கணக்கைச் சொன்னதும் மின்தடைக்கு வந்துவிட்டோம். மேலே கிண்ணியா ஆசிரியருக்குச் சொன்ன சில்லறைக் காசை நினைவில் வையுங்கள். அலுமினியம் இரும்பைப் போலவே மூன்று ஏற்றம். அதனால் புதிதாகக் காசு எதுவும் உண்டாகாது. காசை வாங்கிக் கொடுக்கும் இரும்புகளில் சில குறைந்தும் போகின்றன, தாவும் வழி தடைப்படுகிறது. தடை கூடும், சரிதான். இதுவே நீங்கள் பேரியத்தின் இடத்தில் லந்தனத்தை மட்டும் தனியாகச் சேர்த்திருந்தால், மேலதிக ஏற்றத்தைச் சமப்படுத்த ஓர் இரும்பு தன் கணக்கை மூன்றிலிருந்து இரண்டாக மாற்ற நேரும். கையில் காசு வந்துவிடும், தடை சரியும். ஒன்றின் இடத்தில் வேறொன்றைக் கொஞ்சம் சேர்ப்பதைக் குறிக்கும் ஒரே "மாசூட்டல்" என்ற சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர் விளைவுகள்.

உலை வேறு தன் பங்கைச் செய்யும். 1200 பாகைக்கு மேலே போகும்போது பளிங்கு கொஞ்சம் ஒட்சிசனை இழக்கும், இழந்த இடத்தில் காசு மிஞ்சும். மெதுவாக ஆறவிட்டால் ஒட்சிசன் திரும்பி வரும், ஆனால் முதலில் வருவது மணிகளின் விளிம்புக்குத்தான். அதனால் வில்லையின் உள்ளே மணி ஓரளவு கடத்தும், மணியைச் சுற்றியுள்ள மெல்லிய எல்லை கடத்தாது. 1951 இல் கூப்ஸ் என்பவர் நிக்கல்-நாகப் பெரைற்றை அளந்து இதைத்தான் சொன்னார். தாழ்ந்த மீடிறனில், அதாவது மின் மெதுவாகத் திசை மாறும்போது, காசுகள் எல்லைச் சுவரில் வந்து குவிந்து நிற்கும், மின்னேற்றத்தைத் தேக்கும் திறனைச் சொல்லும் மின்னுழைய மாறிலி ஆயிரக்கணக்கில் காட்டும். மீடிறனைக் கூட்டினால் சுவர்வரை ஓடி வர நேரம் போதாது, பெறுமானம் விழுந்துகொண்டே வரும். அந்த ஆயிரங்களைப் பார்த்து அருமையான பொருள் செய்துவிட்டோம் என்று எழுதிவிடாதீர்கள். அது சுவரின் கணக்கு, பளிங்கின் கணக்கு அல்ல. ஒரேயொரு மீடிறனில் எடுத்த ஓர் இலக்கத்தை வைத்துக்கொண்டு இந்தப் பொருளைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தாழ்விலிருந்து உயர்வுவரை அளந்து, தடையின் இரண்டு பாகங்களையும், அதாவது மின்னோட்டத்தோடு ஒத்து வருவதையும் விலகி வருவதையும், ஒன்றுக்கெதிராக ஒன்றாக வரையுங்கள். இரண்டு அரைவட்டம் தெரிந்தால் ஒன்று மணி, ஒன்று எல்லை. அலுமினியம் எதை மாற்றியது என்று அப்போதுதான் தெரியும்.

இனி மழை. சுட்ட வில்லையில் எப்போதும் நுண்துளைகள் இருக்கும். தூய பேரியம் பெரைற்றின் எக்ஸ்-கதிர் அடர்த்தி ஒரு கன சதமமீற்றருக்கு 5.3 கிராம், உங்கள் வில்லை 4.6 வந்தால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு வெறும் துளை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கத்துக் காற்றைத்தான் தெரியுமே, தீப்பெட்டி கூடப் பற்றாது. அந்த ஈரம் துளைகளுக்குள் போய், மேற்பரப்பில் படலமாகப் படிந்து, மின்னுக்குக் குறுக்குவழி கொடுத்துவிடும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு மார்கழியில் ஒரு மாணவருக்காக 12 வில்லைகளைச் சுட்டு, இரவு மேசையில் திறந்தபடி விட்டுவிட்டு, காலையில் அளந்து கொடுத்தேன். எண்கள் மேலும் கீழுமாக வந்தன. அவர் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதியும் விட்டார். பங்குனியில் வெயில் வந்த பிறகு எனக்குச் சந்தேகம் தட்டி மறுபடி அளந்தேன். ஒழுங்கான ஏறுவரிசை. அந்த இரண்டு பக்கங்களையும் அவர் கிழிக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது, இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

ஆகவே பிள்ளை, வில்லைகளை 110 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்துங்கள். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பாத்திரத்தில் ஆறவிடுங்கள். இரண்டு முகத்துக்கும் வெள்ளிப் பசை பூசுங்கள். விளிம்பில் வழிந்த பசையைத் துடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பசை வழியாகவே மின் ஓடிவிடும். வில்லையின் தடிப்பையும் முகத்தின் பரப்பையும் அளந்து தடைத்திறனாக மாற்றி எழுதுங்கள், வெறும் தடையை எழுதினால் மற்றவர் ஒப்பிட முடியாது. அளந்த நாளின் ஈரப்பதனையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு தரம் உலர்த்தி இரண்டு தரம் அளந்து ஒன்றாக வந்தால் அதை நம்பி எழுதலாம்.

புல்மோட்டையிலிருந்து ஒரு தம்பி: "எங்கள் கறுப்பு மணல் காந்தத்தில் ஒட்டுகிறது. இல்மனைற்றின் பளிங்கும் அறுகோணக் கணக்கில்தான் எழுதப்படுகிறது என்று படித்தேன். பிறகு ஏன் இங்கேயே பெரைற்றுக் காந்தம் செய்யக்கூடாது?"

தம்பி, கேள்வியில் உள்ள ஆசை எனக்கும் உண்டு. நூலில் கட்டிய வளையத்தோடு நடந்த காலத்திலிருந்தே உண்டு. ஆனால் உங்கள் மணலில் கைக்காந்தத்துக்கு உடனே தாவி ஒட்டுவது அதில் கலந்திருக்கும் கொஞ்ச மக்னற்றைற்று. மணலில் உள்ள இல்மனைற்று என்ற கறுப்புக் கனியம் அப்படியல்ல. அது பலமான காந்தத்துக்கு மட்டும் மெல்ல அசையும். கனியமணல் ஆலையில் பலத்த காந்தங்களை வைத்து உருத்தைல், சேர்கோன் ஆகிய மற்றக் கனியங்களிலிருந்து அதைப் பிரிப்பது அதனால்தான். அதற்குள் காந்த ஒழுங்கு வர வேண்டுமென்றால் பூச்சியத்துக்குக் கீழே 200 பாகையையும் தாண்டிக் குளிர வேண்டும்.

அறுகோணம் என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தினாலும் கட்டடம் வேறு. இல்மனைற்றில் இரும்புக்குச் சமமாகத் தைத்தேனியம் இருக்கிறது. தைத்தேனியம் நாலு ஏற்றம். அது பெரைற்றுக்குள் இரும்பின் இடத்தில் தனியாக ஏறினால் சமப்படுத்த இன்னோர் இரும்பு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்க வேண்டும். அதே சில்லறைக் கதை. தடை விழும், கயிறும் குழம்பும். அதனால் மணலை அப்படியே பேரியத்தோடு சேர்த்துச் சுட்டால் நல்ல காந்தம் வராது. தைத்தேனியத்தைப் பிரித்துவிட்டு மிஞ்சும் இரும்பை எடுப்பது வேறு விடயம். இல்மனைற்றைக் கந்தகவமிலத்தில் கரைத்து வெள்ளைச் சாயத்துக்கான தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுக்கும் முறையில் இரும்பு சல்பேற்று பக்கவிளைவாகக் குவியும். அதைச் சுத்தம் செய்து இரும்பு ஒட்சைட்டாக்கலாம். இன்று உலகில் பெரைற்றுக்குப் போகும் இரும்பு ஒட்சைட்டில் பெரும்பங்கு, உருக்கு ஆலைகளில் தகட்டைக் கழுவிய அமிலத்தை வறுத்து எடுப்பது. கழிவிலிருந்து காந்தம் செய்வது நடக்காத காரியமல்ல. அமிலத்தையும் கழிவுநீரையும் பொறுப்போடு கையாளும் ஆலை முதலில் வேண்டும். கொக்கிளாய்க் களப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை நான் இலேசாகச் சொல்ல மாட்டேன்.

சீனன்குடாவிலிருந்து ஒருவர், பெயர் எழுதவில்லை: "துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கு ரேடார் அலையை விழுங்கும் பூச்சு பூசுவதாகக் கேள்விப்பட்டேன். அதிலும் இதே கறுப்புத் தூளா?"

எந்தக் கப்பலில் என்ன பூச்சு என்று நான் சொல்வதற்கில்லை, ஐயா. தூள் அதற்குப் பொருத்தமானது என்பது உண்மை. முன்னே சொன்ன பிடிவாதம், அதாவது உயரத் திசையை விட்டு அசையாத தன்மை, பம்பரம் போல ஒரு சொந்த ஆட்டத்தைக் கொடுக்கும். தூய பேரியம் பெரைற்றில் அந்த ஆட்டம் ஏறக்குறைய 47 கிகாஹேட்ஸ். அதே மீடிறனில் அலை வந்தால் உறிஞ்சிக்கொள்ளும். கப்பல் ரேடார்கள் பல 9.4 கிகாஹேட்ஸ் அளவில் வேலை செய்கின்றன. அவ்வளவு கீழே இறக்குவதற்குப் பிடிவாதத்தைக் குறைக்க வேண்டும். கோபால்ற்றையும் தைத்தேனியத்தையும் சோடியாகச் சேர்ப்பது அதற்காகத்தான். ஒன்றுக்கு இரண்டு ஏற்றம், மற்றதற்கு நாலு. இரண்டு இரும்பின் இடத்தில் இரண்டும் உட்கார்ந்தால் கணக்கு நேர், மேலதிகக் காசு கிடையாது. புல்மோட்டைத் தம்பிக்குத் தனித் தைத்தேனியத்தால் கெடும் என்றேனே, துணையோடு வந்தால் அதே தைத்தேனியம் உதவி செய்கிறது. பாங்க் அட்டையின் பின்னால் ஓடும் கறுப்புப் பட்டியில் பலவற்றில் இருப்பதும் பேரியம் பெரைற்றுத் தூள்தான். ஐயா, உங்கள் சட்டைப்பையிலும் கொஞ்சம் இருக்கலாம்.

கடைசியாக, மூதூரிலிருந்து சட்டி பானை செய்யும் குடும்பத்துப் பையன், பத்தாம் ஆண்டு: "எங்கள் வீட்டுச் சூளையில் காந்தம் சுடலாமா? பேரியம் காபனேற்று எங்கே வாங்கலாம்?"

வேண்டாம் ராசா. மண்பானைச் சூளை 800, 900 பாகையோடு நின்றுவிடும். இதற்கு 1200 வேண்டும், அதுவும் மணிக்கணக்காக ஒரே நிலையில். அதை விடப் பெரிய காரணம், பேரியம் காபனேற்று நஞ்சு. எலி கொல்லப் பாவித்த பொருள். சமையலும் சட்டியும் இருக்கிற முற்றத்தில் அந்தத் தூள் பறக்கவே கூடாது. ஆய்வுகூடத்தில் முகமூடியும் கையுறையும் போட்டுத்தான் நாங்களே நிறுப்போம்.

உங்கள் சூளையில் செய்யக்கூடிய வேறொன்று சொல்கிறேன். உடைந்த ஸ்பீக்கர் வளையத்தில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, எத்தனை ஆணியைத் தூக்குகிறது என்று எண்ணி எழுதுங்கள். அப்பா பானை அடுக்கும்போது அதையும் ஓர் ஓட்டில் வைத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கூடவே சுட்டு, தானாக முழுதாக ஆறிய பிறகு எடுங்கள். 450 பாகையைத் தாண்டியதும் பன்னிரண்டு பேரும் கயிற்றைக் கைவிட்டிருப்பார்கள். ஆறும்போது திரும்பப் பிடிப்பார்கள், ஆனால் ஒரு மணியில் மேல்நோக்கி, பக்கத்து மணியில் கீழ்நோக்கி என்று ஒருவரையொருவர் அழித்துவிடுவார்கள். துண்டு அதே கறுப்பு, அதே பாரம், ஆணி மட்டும் ஒட்டாது. பிறகு அதைத் திருத்தும் கடை எதிலாவது பலமான பெரிய காந்தத்தின் முகத்தோடு தட்டையாக வைத்து எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆணி திரும்பி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பழைய வளையம் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், ஆணியில் இருக்கும் இரண்டில் ஒன்றை உடைத்து அனுப்புகிறேன்.